வெப்கேம் வாங்கும் முன் மேசை டிராயரைத் திறந்து பாருங்கள்

எந்த வெப்கேம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு ஒரே கேள்விதான் கேட்பேன்: வீட்டில் பழைய போன் ஏதாவது கிடக்கிறதா? திரை விரிசல் விட்டிருந்தாலும் சரி, ஸ்பீக்கர் கரகரத்தாலும் சரி, சிம் எடுக்காவிட்டாலும் சரி, பின்பக்கக் கேமராவும் சார்ஜ் போடும் ஓட்டையும் ஒழுங்காக இருந்தால் போதும். கடையில் ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் கொடுத்து வாங்குகிற வெப்கேமைவிட அந்தப் போன் தெளிவாகவே காட்டும். எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இதைச் சொன்னால் "சும்மா சொல்லாத" என்பார்கள். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை காட்டினால் அடுத்த நாளே பீரோவைக் குடைந்து ஒரு போனோடு வந்து நிற்பார்கள்.

ஏன் அப்படி என்பதற்கு ரகசியம் ஒன்றும் இல்லை. லேப்டாப்பின் மூடியைக் கையில் பிடித்துப் பாருங்கள், சில மில்லிமீட்டர்தான் தடிமன். அதற்குள் திரையும் இருக்க வேண்டும், கேமராவும் இருக்க வேண்டும். லென்ஸுக்குப் பின்னால் ஆழம் கிடையாது, அதனால் பட்டாணியைவிடச் சின்ன சென்சார், அதில் விழும் வெளிச்சமும் கொஞ்சம்தான். போதாத வெளிச்சத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கும்போதுதான் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. போன் அதைவிடத் தடிமன், அது போதாதென்று கேமராவை முதுகில் மேடு கட்டி வெளியே தள்ளியும் வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் மேக்புக்குகளிலேயே 2021 வரைக்கும் 720பி கேமராதான் வந்துகொண்டிருந்தது, அதாவது 1280க்கு 720 புள்ளிகள். அதே காலத்தில் பத்தாயிரம் ரூபாய் போன்கூட 1080பி எடுத்தது. போன் விற்பதே கேமராவைக் காட்டித்தான், லேப்டாப்பை யாரும் கேமரா பார்த்து வாங்குவதில்லை. காசு எங்கே போகும் என்று தெரிந்ததுதானே.

ஆனால் படம் தெளிவாக இருக்கும் என்பது எனக்கு இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், கேமராவும் திரையும் பிரிந்துவிடுகின்றன. லேப்டாப்பில் திரை எங்கே பார்க்கிறதோ கேமராவும் அங்கேதான் பார்க்கும், போனில் வீடியோ கால் பேசினாலும் அதே கதைதான். முகத்தைக் காட்டிப் பேசுவதற்கு அது போதும். கையைக் காட்ட வேண்டியவர்களுக்கு, அதாவது கணக்குப் போட்டுக் காட்டும் டியூஷன் டீச்சர், ஆரி வேலை சொல்லிக்கொடுப்பவர், வீணை வாத்தியார், இவர்களுக்கெல்லாம் அது உதவாது.

வீணை என்று சும்மா எழுதவில்லை. என் அத்தை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறார், வீணை சொல்லிக்கொடுக்கிறார். அந்த ஊரில் பிரான்சில் ஆள் இருக்கிற குடும்பங்கள் நிறைய, எங்கள் சொந்தத்திலும் பாதிப் பேர் பாரிஸ் பக்கம்தான். அவர்களுடைய பிள்ளைகள்தான் அத்தையின் மாணவர்கள். சனிக்கிழமை வகுப்பு, அவர்களுக்கு மதியம் 2 மணி. அது நமக்குக் குளிர்காலத்தில் மாலை 6:30, மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் தள்ளி வைத்ததும் 5:30 ஆகிவிடும். இந்த ஒரு மணி நேர வித்தியாசம் கேமராவுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தை முதலில் போனை எதிரே ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து வாட்ஸ்அப்பில்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு அத்தையின் முகம், வீணையின் நுனியில் செதுக்கிய யாளி முகம், பின்னால் காலண்டர் எல்லாம் தெரியும், விரல் மட்டும் தெரியாது. வீணையில் விஷயமே இடது கைதான். விரல் வைத்துத் தந்தியை அழுத்தும் பித்தளைக் கட்டைகளைத்தான் மெட்டு என்பார்கள். மொத்தம் 24 மெட்டு, அதில் எந்த மெட்டில் விரல் நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வளைப்பதற்கு, தந்தியை அந்த மெட்டிலேயே வைத்து ஓரமாக இழுப்பார்கள், எவ்வளவு தூரம் இழுக்கிறார் என்பதில்தான் ராகமே இருக்கிறது. எதிரே வைத்த கேமராவுக்கு அந்த இழுப்பு தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு எதிரில் இருந்து பார்க்கும்போது இடம் வலமாக வேறு தெரியும். அந்தப் பக்கம் ஒன்பது வயதுப் பெண் தன் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழுதே விட்டாள்.

"ஏண்டா, என் தோளுக்குப் பின்னாடி நின்னு பாக்குற மாதிரி காட்ட முடியாதா? நேர்ல சொல்லித்தரப்போ பசங்கள பக்கத்துல தானே ஒக்காத்தி வெப்பேன்" என்றார் அத்தை. அதுதான் சரியான கேள்வி. கேமரா அவருடைய இடது தோளுக்குப் பின்னால், தலைக்குக் கொஞ்சம் மேலே. திரை அவருக்கு முன்னால். அங்கே மாமா வாங்கிப் போட்ட டெஸ்க்டாப் ஒன்று இருந்தது, அதில் கேமராவே கிடையாது, இதற்கு அது வசதியாகவே போயிற்று. என் பழைய போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இனி எப்படிச் செய்வது என்பது. அடிப்படை இதுதான்: போனில் ஒரு ஆப், கம்ப்யூட்டரில் அதற்கு ஜோடியாக ஒரு மென்பொருள். போன் எடுக்கும் படத்தை ஆப் அனுப்பும், கம்ப்யூட்டரில் இருப்பது அதை வாங்கி, ஒரு கேமரா செருகியிருக்கிற மாதிரி விண்டோஸை நம்ப வைக்கும். ஜூமிலோ கூகுள் மீட்டிலோ கேமரா பட்டியலைத் திறந்தால் புதிதாக ஒரு பெயர் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. டிராய்ட்கேம், ஐரியன், கேமோ மூன்றும் இந்த ரகம். நான் டிராய்ட்கேமில் ஆரம்பித்தேன், பழக்கத்தில் அதிலேயே இருக்கிறேன். லினக்ஸிலும் ஓடும் என்பது எனக்கு ஒரு காரணம். ஐரியனை நிறுவுவது இன்னும் சுலபம், கம்ப்யூட்டர் அதிகம் பழகாதவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். இலவசமாகப் பயன்படுத்தினால் படத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். கேமோவை முதலில் 2020இல் ஐபோனுக்காகக் கொண்டுவந்தார்கள், ஆண்ட்ராய்டுக்குப் பிறகுதான் வந்தது. வண்ணம், வெளிச்சம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தே திருகிக்கொள்ளலாம்.

வைஃபையில் இணைப்பதா, கேபிளா? கேபிள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வைஃபையில் ஓடும், முதல் முறை சோதித்துப் பார்க்க அதுதான் வசதி, போன் காட்டும் ஐபி எண்ணையும் 4747 என்ற போர்ட் எண்ணையும் கம்ப்யூட்டரில் தட்டினால் படம் வந்துவிடும். ஆனால் ஒரு மணி நேர வகுப்புக்கு அதை நம்பி உட்கார முடியாது. அத்தை வீடு பழைய வீடு, சுண்ணாம்புச் சுவர், ஒரு அடிக்கு மேல் தடிமன் இருக்கும். ரூட்டர் முன்கட்டில், வீணை முற்றத்துப் பக்கம். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரைத் தாண்டுவதே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. படம் நின்று நின்று வரும். அப்புறம் சிலர் வீட்டில் போன் விருந்தினர் வைஃபையிலும் கம்ப்யூட்டர் முக்கிய வைஃபையிலும் இருக்கும். விருந்தினர் வைஃபையில் உள்ள கருவிகள் மற்றவற்றைப் பார்க்க முடியாதபடிதான் ரூட்டர் வைத்திருக்கும். அது தெரியாமல் ஆப்பை அழித்து அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள், டேட்டா தீர்ந்துவிடாதா என்று. தீராது. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஓடுவது வீட்டுக்குள்ளேயே ஓடுவது, இன்டர்நெட்டைத் தொடுவதில்லை. ஜூம் எவ்வளவு எடுக்குமோ அது மட்டும்தான் செலவு. ரூட்டரே இல்லாத இடத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துக்கூட ஓட்டலாம்.

கேபிள் போட வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் ஒரு கதவைத் திறக்க வேண்டும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பர் என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை, அதாவது கேபிள் வழியாகப் போனுக்குள் கம்ப்யூட்டரை நுழைய விடும் வசதியை, இயக்க வேண்டும். கேபிளைச் செருகியதும் இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று போன் கேட்கும், சரி என்று சொல்லிவிட வேண்டும். வகுப்புக்கு மட்டும் என்று தனியாக ஒதுக்கின போனில் இதைத் தயங்காமல் செய்யலாம். வங்கி ஆப் எல்லாம் வைத்திருக்கும் அன்றாடப் போன் என்றால் வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள், திறந்தே வைக்க வேண்டாம்.

கேபிளைச் செருகியும் கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் பத்தில் எட்டு முறை கேபிள்தான் காரணம். ஹெட்போன், சின்ன விசிறி, விளக்கு இவற்றோடு வரும் கேபிள்களில் மின்சாரத்துக்கு மட்டும்தான் கம்பி இருக்கும், தகவல் போக வழியே கிடையாது. பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரிதான். அத்தைக்குத் தோளுக்குப் பின்னால் இருந்து மேசைவரை வர வேண்டும், அதனால் மூன்று மீட்டர் கேபிள் வேண்டியிருந்தது. யூஎஸ்பி 2இல் 5 மீட்டர்தான் எல்லை, அதனால் அதற்குள் நின்றுகொள்வது நல்லது. நேரு வீதியில் ஒரு கடையில் "டேட்டா போகுமா?" என்று கேட்டதற்கு "எல்லாம் போகும் சார்" என்று கொடுத்தார், போகவில்லை. இப்போதெல்லாம் கடையிலேயே என் போனைச் செருகிக் காட்டச் சொல்கிறேன். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

சார்ஜ் ஓட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று எதையும் விடாது, கதவுக் கீலே துருப்பிடிக்கும்போது போன் ஓட்டை எம்மாத்திரம். வருஷக்கணக்கில் டிராயரில் கிடந்த போனின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும், அதோடு பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி போட்டுக் குத்த வேண்டாம்.

புதிய போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஆண்ட்ராய்டு 14இல் கூகுளே இதை உள்ளே வைத்துவிட்டது, 2023 டிசம்பரில் முதலில் பிக்ஸல் போன்களுக்கு வந்தது. கேபிளைச் செருகி, மேலே வரும் யூஎஸ்பி அறிவிப்பைத் தட்டி, வெப்கேம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம், ஏனென்றால் கடையில் வாங்கும் வெப்கேம்கள் பேசும் அதே பொது முறையில்தான் போனும் பேசுகிறது. அலுவலக லேப்டாப்பில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் அல்லவா, அவர்களுக்கு இது பெரிய உபகாரம். எல்லாக் கம்பெனியும் தன் போனில் இதைக் கொடுப்பதில்லை, ஆண்ட்ராய்டு 14 இருந்தும் அந்தத் தேர்வு வராவிட்டால் உங்கள் போனில் இல்லை என்று அர்த்தம். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்டும் ஒரு வழி வைத்திருக்கிறது. போனில் லிங்க் டு விண்டோஸ் ஆப் போட்டு, கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் புளூடூத் பகுதியில் மொபைல் டிவைசஸ் என்ற இடத்தில் இணைத்தால் போன் கேமராவே வெப்கேம் ஆகிவிடும். ஆனால் அது கேபிள் இல்லாமல் ஓடுவது, கேபிளைப் பற்றி என் கருத்தைத்தான் மேலே பார்த்தீர்களே.

ஐபோனும் மேக்கும் சேர்ந்து வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேக் ஓஎஸ் வென்ச்சுரா, ஐஓஎஸ் 16 வந்த 2022இல் இருந்து, ஐபோன் எக்ஸ்ஆரும் அதற்குப் பிந்தையதும் இருந்தால் மேக் தானாகவே போனைக் கேமராவாக எடுத்துக்கொள்ளும். ஐபோன் 11இல் இருந்து இன்னொரு வித்தை உண்டு: போன் திரைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் அகலக் கோண லென்ஸை வைத்து மேசையை மேலே இருந்து பார்ப்பதுபோல் வளைத்துக் காட்டும். எழுதிக் காட்டும் டீச்சர்களுக்கு அருமையானது. வீணைக்கு அது எட்டாது, வீணை தரையில் இருக்கிறது.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: டிராய்ட்கேம் பிடிக்காவிட்டால் ஸ்க்ரீன்காப்பி (scrcpy) என்ற மென்பொருளைப் பாருங்கள், அதன் 2.2 பதிப்பில் இருந்து போன் கேமராவையே எடுத்துக் கொடுக்கிறது, போனில் ஆண்ட்ராய்டு 12 வேண்டும், கம்ப்யூட்டரில் வி4எல்2லூப்பேக் மாட்யூல் வேண்டும்.

சரி, முத்தியால்பேட்டைக்கு வருவோம். ரிங் லைட்டோடு வந்த உயரமான ஸ்டாண்ட் ஒன்று அத்தை பேத்தியிடம் சும்மா கிடந்தது. லைட்டைக் கழற்றிவிட்டு போன் பிடியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஸ்டாண்டை இடது தோளுக்குப் பின்னால் நிறுத்தி, போனைப் படுக்கை வசமாக மாட்டி, கீழ்நோக்கிச் சாய்த்தால் தண்டி, அதாவது மெட்டுகள் இருக்கும் நீளமான பகுதி, முழுக்கத் திரையின் குறுக்கே வந்தது, இடது பக்கம் யாளி, வலது ஓரத்தில் குடத்தின் விளிம்பு. வாசிப்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே. அந்தப் பக்கம் இருக்கும் பெண் தன் வீணையைக் குனிந்து பார்த்தால் தெரிவதும் திரையில் தெரிவதும் ஒன்றாகிவிட்டன. முன்கேமராவைப் பயன்படுத்தவே வேண்டாம், பின்கேமராதான். ஆப்பில் கண்ணாடி பிம்பம்போல் திருப்பும் தேர்வு இருந்தால் அணைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் யாளி வலது பக்கம் போய்விடும், பிள்ளைகளுக்கு மறுபடியும் அழுகை. ஜூமில் நம் படம் நமக்கு மட்டும் திரும்பித் தெரியும், எதிரில் இருப்பவர்களுக்குச் சரியாகத்தான் தெரியும். அதைப் பார்த்துக் குழம்பி ஆப்பில் திருப்பிவிடுகிறவர்கள் நிறைய.

அடுத்து ஃபோகஸ். கை அசைய அசைய போன் எதைப் பார்ப்பது என்று தேடிக்கொண்டே இருக்கும், ஒரு நொடி விரல், ஒரு நொடி பாய். தந்தியின் மீது ஒரு முறை ஃபோகஸ் செய்து பூட்டிவிட வேண்டும், டிராய்ட்கேமில் அதற்கு வழி இருக்கிறது. அது பூட்டினபிறகுதான் மெழுகின் கறுப்பில் பதித்திருக்கும் பித்தளை மெட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து தந்தியை இழுக்கும்போது அது பக்கத்துத் தந்தியை எட்டுகிறதா, அதற்கு முன்பே நின்றுவிடுகிறதா என்பது பாரிஸில் தெரிந்தது. "இப்ப பாரு, பாதிதான் இழுக்கறேன், நீ முழுசா இழுக்கற" என்று அத்தை முதல் முறையாகச் சொன்னார். அதுவரைக்கும் "காதால கேளு, காதால கேளு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். கோடையில் வகுப்பு 5:30க்கு, முற்றத்து வழியாக வானத்து வெளிச்சம் இறங்கும், எந்த விளக்கும் வேண்டாம், அதைவிட நல்ல விளக்கு கடையில் கிடையாது. குளிர்காலத்தில் 6:30க்கு இருட்டிவிடும், டியூப்லைட்தான். அதில் இரண்டு தொல்லை. ஒன்று, பித்தளை மெட்டுகள் விளக்கின் வெளிச்சத்தை நேராகக் கேமராவுக்குத் திருப்பி அடிக்கும், மெட்டு இருக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். விளக்கு கேமரா நிற்கிற பக்கத்தில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் இது போய்விடுகிறது. நாங்கள் ஒரு டேபிள் லேம்ப்பைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தோம், வெள்ளைச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சம் மெத்தென்று இருக்கிறது. இன்னொன்று, படத்தில் மேலிருந்து கீழே மெதுவாக ஊர்ந்துபோகும் கறுப்புப் பட்டைகள். இதைப் பார்த்ததும் போன் போய்விட்டது என்று நினைப்பார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமரா 60 ஹெர்ட்ஸ் ஊருக்கு என்று அமைந்திருந்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாமல் பட்டை விழும். செட்டிங்ஸில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்ற இடம் இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் விளக்கை மாற்றுங்கள்.

கேமராவுக்கு ஐயாயிரம் செலவு செய்வதைவிட விளக்கை நகர்த்தி வைப்பதில் ஆதாயம் அதிகம். யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சத்தம் இன்னொரு பஞ்சாயத்து. படம் போனில் இருந்து சுற்றி வருகிறது, சத்தம் கம்ப்யூட்டரில் செருகிய மைக்கில் இருந்து நேராகப் போகிறது, அதனால் படம் ஒரு துளி பின்தங்கும். பேச்சில் இது தெரியாது. வீணையில் மீட்டும் விரல் தந்தியைத் தொடுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டால் தாளமே புரியாது. கேபிள் போட்டதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. அதற்கும் அடங்காவிட்டால் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் சத்தத்தை மில்லிநொடிக் கணக்கில் தாமதப்படுத்தலாம். பெரிய தொல்லை ஜூம் செய்வது: நீளமாக இழையும் எந்தச் சத்தத்தையும் அது மின்விசிறி, ஏசி என்று நினைத்துத் துடைத்துவிடும். வீணையின் நாதம் மீட்டியதும் மெல்லத் தேய்ந்து போவதுதான் அழகு, அந்தத் தேய்வை மொத்தமாக வெட்டிவிட்டு 'டொக்' என்ற சத்தத்தை மட்டும் அனுப்பும். ஆடியோ செட்டிங்ஸில் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்கினால்தான் வீணை வீணையாகப் போகும். அத்தை இதைக் கேட்டுவிட்டு, "பண்ருட்டிப் பலாவுல கடைஞ்ச வீணைடா இது, இத இவன் பேன் சத்தம்னா நெனச்சான்?" என்று ரொம்ப நேரம் திட்டிக்கொண்டிருந்தார்.

சூடு பற்றி. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது, கேபிள் வழியாக சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கிறது, வெளியே அக்னி நட்சத்திரம். போன் கொதிக்கும், ஒரு கட்டத்தில் தானாகவே கேமராவை மூடிவிடும். பவுச்சைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், 1080பி தேவையில்லாவிட்டால் 720பிக்கு இறக்குங்கள். எதிரில் இருப்பவர் சின்னக் கட்டத்தில்தான் பார்க்கிறார், அதிலும் இன்டர்நெட்டில் போகும்போது ஜூமே குறைத்துவிடுகிறது. இதைவிட முக்கியமானது: டிராயரில் இருந்து எடுத்த போனின் முதுகு லேசாகப் புடைத்திருந்தாலோ, திரை ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலோ அதை சார்ஜில் போடவே போடாதீர்கள். பேட்டரி ஊதியிருக்கிறது. தீப்பிடிக்கக்கூடியது அது, அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், மாற்றித்தரும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

பழைய போனை இதற்கு ஒதுக்குவதென்றால் முதலில் முழுக்க அழித்துப் புதிதாக்கிவிடுங்கள். பழைய படங்கள், பழைய வாட்ஸ்அப் எல்லாம் கிடக்கிற போனை கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் அறையில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. ஆண்ட்ராய்டு 12இல் இருந்து கேமரா ஓடும்போது திரையின் மூலையில் பச்சைப் புள்ளி எரியும், அதற்கு முந்தைய போன்களில் அதுவும் கிடையாது. அதனால் வகுப்பு முடிந்ததும் கேபிளைப் பிடுங்கி, லென்ஸ் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ப்ளே ஸ்டோரில் வெப்கேம் என்று தேடினால் பெயர் தெரியாத ஆப்கள் வரிசையாக வரும், கேமராவும் மைக்கும் கேட்கிற ஆப்பில் புதுமுகங்களுக்கு நான் கதவு திறப்பதில்லை. ஆப் எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு விடிஓ நிஞ்ஜா இருக்கிறது, போன் பிரவுசரிலேயே திறந்து, வரும் இணைப்பை ஓபிஎஸ்ஸில் போட்டால் படம் வந்துவிடும். ஓபிஎஸ் பழகியிருக்க வேண்டும், அதுதான் ஒரே சிக்கல்.

யாருக்கு இது சரிவராது என்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் நாலைந்து மீட்டிங், கையில் இருப்பதோ ஒரே போன், என்றால் பேசாமல் வெப்கேம் வாங்கிவிடுங்கள். மீட்டிங் நடுவில் போன் வரும், ஓடிபி வரும், எடுத்துப் பார்ப்பீர்கள், எதிரில் இருப்பவர்களுக்கு உங்கள் வீட்டு மின்விசிறியும் ஒட்டடையும் தெரியும். காலையில் ஸ்டாண்டில் மாட்டி மாலையில் கழற்றுவதும் ஒரு வாரத்துக்குமேல் யாருக்கும் பொறுமை இருக்காது. கேமராவுக்கு என்றே ஒரு போனை நிரந்தரமாக ஒதுக்க முடிந்தால்தான் இதில் இறங்க வேண்டும்.

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வந்தது. உலகத்தின் முதல் வெப்கேம் என்று சொல்லப்படுவது 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், காபி ஜாடியில் காபி இருக்கிறதா என்று எழுந்து போகாமல் பார்ப்பதற்காக வைத்தது. 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1993இல் அதை இணையத்தில் இணைத்தார்கள், 2001இல் அணைத்தார்கள். முகத்தைக் காட்டுவதற்கு அல்ல, எட்ட முடியாத இடத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார்ப்பதற்குத்தான் அது பிறந்தது. லேப்டாப் மூடியில் ஒட்டி வைத்த பிறகுதான் முகம் மட்டும் என்றாகிவிட்டது.

இப்போது அத்தைக்குப் புதுக் குறை. விரல் தெரிகிறது, முகம் தெரியவில்லையாம். "தப்பா வாசிச்சா நான் மொறைக்கறது தெரிய வேணாமா?" என்கிறார். இரண்டாவது போனை முன்னால் வைத்து, ஓபிஎஸ்ஸில் பெரிய கட்டத்தில் விரலும் மூலையில் முகமுமாகச் சேர்த்து, அதையே ஒரே கேமராவாக ஜூமுக்குக் கொடுக்கலாம், ஓபிஎஸ்ஸில் விர்ச்சுவல் கேமரா என்று பொத்தானே இருக்கிறது. ஆனால் மாமா வாங்கிப்போட்ட டெஸ்க்டாப்பில் 4 ஜிபி ராம்தான், ஜூமும் ஓபிஎஸ்ஸும் சேர்ந்தால் மூச்சு வாங்குகிறது. முதலில் இன்னொரு 4 ஜிபி போட வேண்டும், அப்புறம் இன்னொரு போன். பழைய போன் இருக்கிறதா என்று எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறேன், ஆளாளுக்கு டிராயரைத் திறந்து படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை வந்ததில் பாதி பொத்தான் போன்.